டேஷ்போர்டுக்கு அடியில்: ஒரு பன்முகப் பார்வை

இயல் ஒன்று: தோற்றுவாய்

உத்திரமேரூர் என்றால் அறிஞர் பெருமக்கள் கல்வெட்டு என்பார்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும் வெட்டிவைத்த குடவோலை விதிகளைப் படித்து, படித்தவரைப் படித்து, படித்தவரைப் படித்தவரை மறுத்து நூறாண்டுக்கு மேலாகிறது. வெங்கையா 1904-05 தொல்லியல் ஆண்டறிக்கையில் எழுதினார். நீலகண்ட சாஸ்திரி 1932இல் எழுதினார். இவர்கள் கல்லைப் பார்த்து எழுதியவர்கள். பின்னால் வந்தவர்களில் பலர் இவர்களைப் பார்த்து எழுதியவர்கள். அதற்கும் பின்னால் வந்தவர்கள் யாரைப் பார்த்து எழுதுகிறார்கள் என்பது தேர்வறைக் கண்காணிப்பாளர்கள் ஆராய வேண்டிய பொருள்.

போன மாதம் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். கட்டணம் கட்டினால் கோப்பு, பேனா, சான்றிதழ், ஐ.எஸ்.பி.என். எண்ணுள்ள தொகுப்பில் ஒரு கட்டுரை, மதியம் சாம்பார் சாதம். பேச வந்தவர் இருபது நிமிடத்தில் பதினேழு நிமிடம் 'முன்னாய்வுகள்' சொன்னார். மீதி மூன்று நிமிடத்தில் தம் பொருளுக்கு வந்து, "இது தனி ஆய்வுக்குரியது" என்று முடித்து உட்கார்ந்தார். கைதட்டினோம்.

வெளியே வந்து காரில் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது. அவ்வளவுதான். தள்ளுவதற்கு நான்கு முனைவர்கள் வந்தார்கள். ஐந்தாமவர் தள்ளும் முறைமை பற்றிக் கருத்துச் சொன்னார். அந்தத் தள்ளலில்தான் இந்த ஆய்வு பிறந்தது.

இயல் இரண்டு: ஆய்வு எல்லை

வடக்கே காஞ்சிபுரம் சாலை, தெற்கே வந்தவாசி சாலை, மேலே கண்ணாடி, கீழே மிதியடி. பானெட் இந்த எல்லைக்குள் வராது. என் காரில் அதைத் திறக்க இருவர் வேண்டும். ஒருவர் உள்ளே லிவரை இழுக்க, மற்றவர் வெளியே குத்த.

முதன்மைச் சான்று: நான்காவது ஓனராக நான் வாங்கிய மாருதி 800 ஒன்று. துணைமைச் சான்று: என் மச்சான்.

இயல் மூன்று: மூலபாடமும் இடைச்செருகலும்

கம்பெனியிலிருந்து வரும்போது ஒரு காரின் ஒயர்கள் வரிசையாக, ஒரே கட்டாக, கப்ளரில் முடிந்து கிடக்கும். இது மூலபாடம். முதல் ஓனர் டேப் ரெக்கார்டர் வைப்பார். அது முதல் உரை. இரண்டாம் ஓனர் அதை எடுத்துவிட்டு சி.டி. பிளேயர் வைப்பார். பழைய ஒயரை எடுக்கமாட்டார், வெட்டி நுனியை மடக்கி விடுவார். மூன்றாம் ஓனர் ரிவர்ஸ் ஹாரன், சாமி படத்துக்கு நீல விளக்கு, சீட்டுக்கடியில் ஆம்ப்ளிஃபயர் என்று விரிவுரை எழுதுவார். நாலாவது ஆள் டேஷ்போர்டைக் கழற்றும்போது நல்லா முறுக்கி பிளாக் டேப் சுற்றிய எட்டு இடம், டேப்பே இல்லாத ஏழு இடம், செலோ டேப் சுற்றிய ஓர் இடம் தெரியும். செலோ டேப் ஒட்டியவர் ஆசிரியராக இருக்கலாம் என்பது என் துணிபு.

பாடபேதம் என்பது நிறத்தால் வருவது. காருக்குள் வைக்கும் ஸ்டீரியோ செட்டுக்கு ஊரறிந்த வழக்கு உண்டு. மஞ்சள் ஒயருக்கு எப்போதும் கரண்ட் இருக்கும். கடிகாரத்தையும், பிடித்துவைத்த ரேடியோ நிலையங்களையும் செட் மறக்காமல் இருப்பது அதனால்தான். சிவப்புக்குச் சாவி போட்டால்தான் வரும். கறுப்பு எர்த். வெள்ளையும் சாம்பலும் முன் ஸ்பீக்கர்கள், பச்சையும் ஊதாவும் பின் ஸ்பீக்கர்கள். கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஜோடியின் மைனஸ். இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட நூல் தமிழில் குறைவு. ஆனால் ஜாயின்ட் போட்டவரிடம் அன்று பச்சை ஒயர்தான் மிச்சமிருந்தது என்றால் எர்த்தும் பச்சை, பிளஸ்ஸும் பச்சை, சாமி விளக்கும் பச்சை. "கலர்ல என்ன சார் இருக்கு, கரண்டு ஒண்ணுதானே" (தகவலாளர் 2, வாய்மொழி, பேட்டரிக் கடை வாசல்). அத்வைதம் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லப்பட்டு நான் கேட்டதில்லை.

இயல் நான்கு: ஹாரன்

அடிக்கிறது.

இயல் ஐந்து: குடவோலையும் ஃப்யூஸும்

ஃப்யூஸ் என்பது செட்டைக் காக்க அல்ல, ஒயரைக் காக்க. ஒயர் தாங்கும் அளவுக்குமேல் கரண்ட் ஓடினால், ஒயர் சூடாகி உருகித் தீப்பிடிக்குமுன் ஃப்யூஸ் தன் உயிரை விடும். சிவப்பு ஃப்யூஸ் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு போகிறதே என்று பச்சையைப் போட்டால் ஃப்யூஸ் பிழைக்கும், ஒயர் எரியும். இது தெரிந்தவர்கள் உண்டு. தெரிந்தும் செப்புக் கம்பியை மடக்கிச் சொருகி "டைரக்டா குடுத்துட்டேன், இனிமே போகவே போகாது" என்பவர்களும் உண்டு. ஃப்யூஸ் போகாது என்பது உண்மைதான்.

இனி ஒப்பாய்வு. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்கும் குடவோலையில், குடும்பு என்னும் ஒவ்வொரு ஊர்ப் பகுதிக்கும் தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதி, குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஒரு மெக்கானிக் கடையில் நான் கண்டது: பழைய ஃப்யூஸ்கள் கிடக்கும் ஹார்லிக்ஸ் பாட்டில். "ஒண்ணு எடுடா" என்றார் கடைக்காரர். பையன் பாட்டிலுக்குள் கையை விட்டான். வந்தது மஞ்சள். அதையே போட்டார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுக்குப் பின்னும் மரபு அறுபடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவோர், பாட்டிலை நேரில் பார்க்கலாம்.

இன்னும் ஆழமாகப் போகலாம். போகவேண்டாம் என்று என் மனைவி சொல்கிறாள். ஆனால் ஆய்வு அறம் என்று ஒன்று இருக்கிறது. ஊரில் இருந்த குடும்புகள் 30. ஜெர்மானியத் தர விதி 72552இன்படி, பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து நேரே வரும் முனையின் எண்ணும் 30. தோட்ட வாரியத்தில் உறுப்பினர் 12 பேர். பேட்டரி 12 வோல்ட். ஏரி வாரியத்தில் 6 பேர். பேட்டரிக்குள் செல்கள் 6, அவற்றுக்கும் ஏரியைப் போலவே அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். சம்வத்சர வாரியத்திலும் 12 பேர்தானே, அந்த இன்னொரு 12 எங்கே என்று கேட்போருக்கு: லாரியில் 24 வோல்ட். எனவே ஜெர்மானியர்கள் நம்மூர்க் கல்வெட்டைப் படித்தே கார் ஒயரிங் கண்டார்கள் என்பது வெள்ளிடைமலை. சிரிக்காதீர்கள். இதைவிட மெல்லிய நூலில் கட்டித் தொங்கவிட்ட பட்டங்கள் சில, பல்கலைக்கழக நூலகங்களில் இன்னும் அறுந்து விழாமல் ஆடிக்கொண்டிருக்கின்றன.

தகுதியின்மை விதிகளோ இன்னும் நேரடியாகப் பொருந்துகின்றன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக்கூடாது என்கிறது கல்வெட்டு. டேஷ்போர்டைக் கழற்றி மாட்டிய பின் கையில் மிஞ்சும் ஐந்து ஸ்க்ரூவுக்குக் கணக்குக் காட்டாதவரையும் அவ்வாறே விலக்குக. அதோடு நிற்கவில்லை சபையோர். கணக்குக் காட்டாதவனின் உறவையும் வரிசையாக எழுதி விலக்கினார்கள்: மாமன், மாமனார், மருமகன், உடன்பிறந்தாளின் கணவன், மனைவியின் உடன்பிறந்தான். இந்தக் கடைசி உறவைக் கல்லிலே வெட்டி வைத்தவர்கள் எப்பேர்ப்பட்ட அனுபவசாலிகள் என்பதைக் கல்வெட்டறிஞர் எவரும் எடுத்துப் பேசியதாகத் தெரியவில்லை. அறிஞர்களுக்கு மச்சான் இல்லை போலும்.

919இல் செய்த விதி ஒழுங்காக ஓடவில்லை. இரண்டே ஆண்டில் திருத்தி வெட்டினார்கள். முப்பதிலிருந்து அறுபது என்றிருந்த உறுப்பினர் வயதை முப்பத்தைந்திலிருந்து எழுபது ஆக்கினார்கள். என் மச்சானுக்கு வயது இருபத்தொன்பது. எந்தப் பாடத்தைக் கொண்டாலும் அவன் என் டேஷ்போர்டைத் தொட்டிருக்கக் கூடாது.

இயல் ஆறு: அந்த சுவிட்ச்

ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், டேஷ்போர்டின் அடி விளிம்பில், முழங்கால் இடிக்கும் இடத்தில் ஒரு சின்னக் கறுப்பு சுவிட்ச் இருக்கிறது. வீட்டு டேபிள் ஃபேனில் இருக்குமே, அந்த மாதிரி. கம்பெனி வைத்ததல்ல. துளை வட்டமாக இல்லை. சூடான கம்பியால் உருக்கிப் போட்ட துளை, ஓரம் பொங்கி ஆறியிருக்கிறது. ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்ட் பொட்டு. ஆன் அந்தப் பக்கமா, ஆஃப் அந்தப் பக்கமா தெரியாது. போட்டாலும் ஒன்றும் நடக்காது, அணைத்தாலும் ஒன்றும் நடக்காது.

இதன் பயன் குறித்து நான்கு கொள்கைகள் நிலவுகின்றன.

பனிவிளக்குக் கொள்கை: முன்னால் மஞ்சள் விளக்கு இருந்து, அது உடைந்தபின் சுவிட்ச் மட்டும் எஞ்சியது என்பது (தகவலாளர் 3, வாய்மொழி, டீக்கடை, இரண்டாம் பெஞ்ச்). உத்திரமேரூரில் பனிவிளக்கு போடுமளவுக்குப் பனி மார்கழியில் எத்தனை நாள் என்று கேட்டேன். "வச்சது தெரியணும்னுதான் வைக்கிறது" என்றார்.

திருட்டுத்தடுப்புக் கொள்கை: பழைய கார்பரேட்டர் வண்டிகளில் இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரண்டை ரகசிய சுவிட்ச் வழியே திருப்பிவிடுவது உண்டு. அது ஆஃபில் இருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், இஞ்சின் பிடிக்காது. திருடன் சலித்துப் போவான். ஆனால் என் வண்டி சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் பிடிக்கிறது. சில நாள் எந்தப் பக்கம் இருந்தாலும் பிடிப்பதில்லை (தகவலாளர் 4, காருக்கடியில் மல்லாந்த நிலையில், வாயில் ஸ்க்ரூடிரைவருடன் கூறியது, இரண்டு சொற்கள் சிதைந்துள்ளன, ஒரு சொல் அச்சுக்குரியதன்று).

சூனியக் கொள்கை: அது எதற்கும் இல்லை, சும்மா (தகவலாளர் 4 சொன்னதாகத் தகவலாளர் 6, தகவலாளர் 4 மறுக்கிறார், அந்த மறுப்பு ஃப்யூஸைப் பற்றியது, சுவிட்சைப் பற்றியதன்று என்கிறார் தகவலாளர் 6, இருவரும் தற்போது பேசிக்கொள்வதில்லை, பஞ்சாயத்து செய்த தகவலாளர் 7 தம் பெயர் எங்கும் வரக்கூடாது என்றார், வரவில்லை).

நான்காவது, அடியேனின் மஞ்சள் ஒயர்க் கோட்பாடு. இதை எட்டு இரவுகள் மல்டிமீட்டரோடு உட்கார்ந்து நிறுவியிருக்கிறேன். சுவிட்சைப் பெயின்ட் பொட்டுப் பக்கம் தள்ளிவிட்டுப் படுத்தேன். இரவு 12.5 வோல்ட் காட்டிய பேட்டரி காலையில் 11.7. சாவி திருப்பினால் 'டிக்'. மறுநாள் எதிர்ப்பக்கம் தள்ளினேன். காலையில் 12.4. வண்டி பிடித்தது. ஆனால் சுவிட்சை மறுபடி போட்டுப் பார்த்தால் செட்டின் கடிகாரம் பன்னிரண்டிலிருந்து புதிதாகப் பிறந்திருந்தது, ரேடியோ நிலையம் ஒன்றுகூட நினைவில்லை. மாற்றி மாற்றி நான்கு முறை பார்த்தேன், இதேதான். முடிவு தெளிவு. எவரோ மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி நேரே பேட்டரியில் கொடுத்திருக்கிறார். அதனால் சாவியை எடுத்த பின்னும் செட் உள்ளுக்குள் விழித்துக்கொண்டிருக்கிறது, இரவெல்லாம் பேட்டரி இறங்குகிறது. தப்பைப் பிரித்துச் சரிசெய்யாமல், தப்புக்கு மேல் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார். மூலத்தில் பிழை வந்தால் பிழையைத் திருத்தாமல் அதற்கொரு அடிக்குறிப்பு எழுதும் பதிப்பாசிரியரின் மனம் இது. இந்தக் கோட்பாட்டை ஏற்றுப் பின்வருவோர் மேற்கோள் காட்டியுள்ளனர் (இக்கட்டுரை, இப்பத்தி, மேலே).

எஞ்சியது ஆசிரியர் யார் என்ற கேள்வி. நடை, காலம், டேப்பின் பிராண்ட் எல்லாம் ஒரே கையைக் காட்டின. போன தீபாவளிக்கு வந்து "மாமா, சவுண்டு சரியில்ல, அஞ்சு நிமிஷம்" என்று டேஷ்போர்டுக்கடியில் தலையை விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்த கை அது. ஒரகடத்தில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை போன் போட்டேன். என் கோட்பாட்டை முழுக்கச் சொன்னேன், வோல்ட் கணக்கோடு. பொறுமையாகக் கேட்டான்.

"சரிதான் மாமா. மஞ்சளும் சிவப்பும் ஒண்ணாத்தான் கிடந்துது."

"அத ஒழுங்கா பிரிச்சு விடாம சுவிட்ச் வச்சியாடா?"

"ஐயோ, அது நான் வைக்கல. நீங்க வண்டி வாங்கும்போதே இருந்துச்சே. அதுக்கு முன்னாடி வச்சவன் எவனோ."

"அப்ப நீ என்னதான் பண்ண அன்னைக்கு?"

"அந்த சுவிட்சு சில நேரம் ஒட்டிக்குது, ஆஃப் ஆக மாட்டேங்குது. அதான் சேஃப்டிக்கு இன்னொண்ணு வச்சேன். பாக்கலயா? சீட்டுக்கு அடியில கைய விட்டுப் பாருங்க மாமா."

போனைக் காதில் வைத்தபடியே போய்க் கையை விட்டேன். பழைய பஸ் டிக்கெட் ஒன்று, நாலு ஸ்க்ரூ, அப்புறம் வழவழவென்று ஒன்று தட்டுப்பட்டது. எந்தப் பக்கம் ஆன் என்று கேட்பதற்குள் அழுத்திவிட்டேன்.

ஹாரன் அடிக்கிறது.