விறகு ஜோசியர்

விறகு ஜோசியர் என்பவர், மரம் சாய்ந்த தெருவுக்கு மாநகராட்சி லாரிக்கு முன்பே வந்துவிடுபவர். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, இவர் தலை தெரியாத தெரு குறைவு. பெரும்பாலும் ஓய்வுபெற்றவர். கையில் கோடாலி இருக்காது, அபிப்பிராயம் இருக்கும்.

இலையும் காயும் இருக்கையில் மரத்தின் பெயரைச் சொல்வது இவருக்குக் கௌரவக் குறைச்சல். கிளை கழித்து, மொட்டைக் கட்டையாகக் கிடக்கும்போதுதான் வாய் திறப்பார். முதலில் நகத்தால் பட்டையைச் சுரண்டுவார். பால் கசிந்தால், "ஆலு, அரசு, அத்தி, மூணுல ஒண்ணு" என்பார். அறுத்த முகம் செந்நிறமாக இருந்து கசப்பு நெடி அடித்தால் வேம்பு. இதுவரை பழுதில்லை. நடுவில் பழுப்பு வைரம், சுற்றிலும் வெளிர்மஞ்சள் என்று வந்தால் தயங்காமல் "வாகை" என்பார். எதிர்வீட்டுக்காரர் அது தூங்குமூஞ்சி என்று திருத்தினால், "அதுவும் வாகைக்குப் பங்காளிதானே சார்!" இரண்டும் நெருங்கிய உறவு என்பது தாவரவியலும் ஒப்புக்கொண்ட விஷயம் என்பதால், இவரை மடக்க வழியில்லை.

பெயரில் இவ்வளவு உறுதி காட்டுபவர், "எரியுமா?" என்று கேட்டால் மட்டும் வழுக்குவார். "காஞ்சா எல்லாம் எரியும்." இது பொய்யல்ல, பயனுமில்லை. விறகுத்தொட்டிக்காரர் இப்படிப் பேசினால் வியாபாரம் நடக்காது. சவுக்கும் சீமைக்கருவேலமும் கனல் நின்று எரியும். புளியும் அப்படித்தான், ஆனால் அதன் முறுக்கு நார் பிளக்கிற ஆளின் தோள்பட்டையை முதலில் பிளந்துவிடும். முருங்கை, இலவு, ஒதியன் எல்லாம் உலை கொதிக்குமுன் சாம்பலாகிவிடும். தூங்குமூஞ்சி நடுத்தரம்.

காய்ந்ததா என்று பார்ப்பதில் ஜோசியர் கட்டையைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி. அன்று வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். கனம் என்று அவர் மெச்சுவது பல சமயம் அதைத்தான். பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கினால் சில மாதங்களில் காயும். முனையில் வெடிப்பு விட்டு, பட்டை கழன்று, இரண்டு சிறாயைத் தட்டினால் மந்தமாக இல்லாமல் கணீரென்று கேட்டால் அடுப்புக்குத் தயார்.

இவர் சொல்லில் அப்படியே ஏற்கத்தக்கது ஒன்று உண்டு. கட்டையைப் பார்த்து "அரளி, தொடாதீங்க" என்றால், விவாதிக்காமல் ஒதுக்கிவிட வேண்டும். அரளியின் புகையும் நஞ்சு.