குரங்குக்கு ஏன் குடை?

என்ன தம்பி, படலையிலையே நிண்டு யோசிக்கிறாய்? உள்ளுக்கு வா. நாய் கடியாது. அதுக்கு என்னைவிட வயசு.

உதென்ன கையிலை பெட்டி? கனடாவிலை இருந்து மச்சான் அனுப்பினதோ? பிள்ளைக்குப் படப் புத்தகமோ? நல்லது, நல்லது. பேந்தேன் மூஞ்சை வேப்பெண்ணெய் குடிச்சது மாதிரிக் கிடக்கு?

ஓ. பிள்ளை கேக்குதில்லையோ.

நீ செய்யிறதையெல்லாம் நான் வேலிக்கு மேலாலை பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். பின்னேரம் ஆறரை எண்டா பாய் விரிக்கிறாய். லைற்றைத் திருப்புறாய். போனிலை மணி வைக்கிறாய். இருபது நிமிசம் வாசிக்க வேணுமெண்டு ஆரோ கொழும்பிலை வகுப்பெடுத்தவையாம். பத்து நிமிசம் போகேல்லை, பிள்ளை பூனைக்குப் பின்னாலை ஓடுது. நீ பிள்ளைக்குப் பின்னாலை ஓடுறாய். புத்தகம் மட்டும் பாயிலை வடிவா இருக்கு.

பூனைக்கு உயிர் இருக்கு மோனை. நீ வாசிச்ச பூனைக்கு இல்லை. பிள்ளையிலை என்ன பிழை?

இப்ப எங்கடை பக்கம் உது ஒரு வருத்தம் மாதிரிப் பரவுது. வீட்டுக்கு வீடு வாசிப்பு மூலை. சுவரிலை ஒட்டகச்சிவிங்கி ஒட்டுகினம். பிள்ளையைப் பக்கத்திலை இருத்திப் படம் எடுத்துப் பேஸ்புக்கிலை போடுகினம். போன கிழமை ஒரு படம் பாத்தன். பிள்ளை புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கு. கீழை முன்னூறு பேர் ‘அருமை’ எண்டு எழுதியிருக்கினம். ஒருத்தனுக்கும் அதைத் திருப்பிக் குடு எண்டு சொல்லத் தோணேல்லை. ஒக்ரோபர் வந்தா வாசிப்பு மாதம். பதாகை கட்டுவினம், பேச்சுப்போட்டி வைப்பினம். நவம்பரிலை மழை. பதாகை மாட்டுக்கொட்டிலுக்குக் கூரையாப் போகும். அதையாவது மாடு வாசிக்கட்டும்.

நாளாந்தம் எண்டுறது மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி விடுற மாதிரி. கொஞ்சமா, விடாமல். நீ இரணைமடுக் கதவைத் திறந்துபோட்டுக் கண்டு நீந்தேல்லை எண்டு அழுகிறாய்.

எங்கை, பெட்டியைத் திற பாப்பம்.

இதைப் பாத்தியோ, பசி அடங்காத மசுக்குட்டி. அமெரிக்காவிலை எரிக் கார்ல் எண்ட ஆள் 1969 இலை போட்ட புத்தகம். திங்கள் ஒரு அப்பிள், செவ்வாய் ரெண்டு பேரிக்காய் எண்டு தின்னும். சனிக்கிழமை கேக், ஐஸ்கிறீம் எல்லாத்தையும் போட்டு அடிச்சு, வயித்துக்குத்திலை கிடக்கும். வடிவான புத்தகம், குறை சொல்ல மாட்டன். ஆனா அப்பிள் எங்கை விளையுது எண்டு உன்ரை பிள்ளையைக் கேட்டுப் பார். பரந்தன் சந்திக் கடையிலை, பெட்டிக்குள்ளை எண்டு சொல்லும்.

அப்ப என்ன செய்யிறது? புத்தகத்தைக் கக்கத்திலை வைச்சுக்கொண்டு கோடிக்கு நட. முருங்கையிலை மாரிக்கு மசுக்குட்டி அப்பிக்கொண்டு கிடக்கும். தொடாதை, சுணைக்கும் எண்டு சொல்லு. பேந்து தேசி மரத்தடிக்குப் போ. இலையிலை குருவி எச்சம் மாதிரி ஒண்டு கிடக்கும். எச்சமில்லை அது, புழு. வளர வளரப் பச்சையாகும். ஈர்க்காலை மெல்லமாத் தட்டினா, தலைக்கு மேலாலை சிவப்பாக் கவர்க் கொம்பு ஒண்டை நீட்டி மணம் விடும். கோவம் வந்த கிழவன் மாதிரி. எத்தினை இலை திண்டது எண்டு பிள்ளை ஒவ்வொரு நாளும் வந்து எண்ணட்டும். கணக்குப் பாடம் அங்கை முடிஞ்சுது. ரியூசன் காசு மிச்சம்.

என்ரை பேத்தி அப்பிடித்தான் எண்ணினவள். கடைசியிலை என்னட்டை வந்து நிண்டு, “அப்பு, புத்தகத்திலை நூல் கூடு போட்டிருக்கு. எங்கடை வண்ணத்திப்பூச்சிக்கு நூல் கூடு இல்லை. வெறுங் கோதுதான்” எண்டாள். சரிதான். நூலாலை கூடு கட்டுறது பட்டுப்பூச்சிச் சாதி. தேசி மரத்து வண்ணத்தி வெறுங் கோதுக்குள்ளை இருந்துதான் வரும். உலகமெல்லாம் வித்த புத்தகத்திலை நாலு வயசுச் சிறுக்கி பிழை பிடிச்சிட்டாள். எனக்குப் புளுகம் தாங்கேல்லை. இரவு தேத்தண்ணிக்கு ரெண்டு கரண்டி சீனி கூடப் போட்டன்.

உனக்கொரு கள்ள வேலை சொல்லித் தாறன். ஆருக்கும் சொல்லாதை. நான் வாசிக்க இருக்கேக்கை கண்ணாடியைப் போடுறேல்லை. “ஐயோ மோனை, அப்புவுக்குக் கண் தெரியேல்லை. இந்தப் படத்திலை என்ன கிடக்கு?” எண்டு கேப்பன். அவ்வளவுதான். வாய் மூடாள். நான் சும்மா “ஓமோ? பேந்து?” எண்டு போட்டுக்கொண்டு இருப்பன்.

உதையே அமெரிக்காவிலை வைற்கேர்ஸ்ற் எண்ட பேராசிரியர் 1988 இலை பரிசோதிச்சுப் பாத்தவர். ரெண்டு வயசளவிலை பிள்ளையள். தாய் தகப்பன் வாசிச்சுத் தள்ளாமல், கேள்வி கேட்டுப் பிள்ளையைக் கதைக்க விட்டவை. ஒரு மாதத்திலையே அந்தப் பிள்ளையள் மற்றதுகளை விடக் கூடக் கதைச்சுதுகள். இதெல்லாம் எங்கடை ஆச்சிமார் எப்பவோ செய்தது எண்டு நீ மார் தட்டப் போறாய், எனக்குத் தெரியும். பொய் பறையாதை. எங்கடை ஆச்சி நல்லாக் கதை சொல்லுவா, உண்மை. ஆனா இடையிலை வாய் திறந்தா அகப்பைக் காம்புதான் பதில். வெள்ளைக்காரன் செய்த நல்ல காரியத்தை ஒத்துக்கொண்டா எங்கடை மீசை ஒண்டும் கொட்டாது.

பனிக்கரடிப் புத்தகமும் வந்திருக்கோ? கவலைப்படாதை. முல்லைத்தீவிலை இருந்து மீன் கொண்டுவாற பெடியனை மறிச்சு, ஐஸ் பெட்டியிலை ஒரு கட்டி வாங்கிக் கையிலை குடு. பனி விளங்கும். கரடிக்கு எங்கை போவாய்? கரடி இஞ்சை எங்கடை காட்டிலையே இருக்கு. பாலைப்பழம் பழுக்கிற காலத்திலை பழம் பொறுக்கப் போனவையைக் கேட்டுப் பார், எப்பிடி ஓடினவை எண்டு சொல்லுவினம். எங்கடை கரடி வெள்ளையில்லை, கறுப்பு. அதையும் பிள்ளைக்குச் சொல்லு.

பெட்டி அனுப்ப மச்சான் இல்லாதவன் என்ன செய்யிறது எண்டு கேக்கிறாயோ? உந்தப் போன் கையை விட்டு இறங்குதோ உனக்கு? இந்தியாவிலை பிரதம் புக்ஸ் எண்டு ஒண்டு, 2015 இலை ஸ்ரோரிவீவர் எண்ட தளம் தொடங்கித் தமிழிலையும் படக்கதையள் சும்மா குடுக்குது. எங்கடை ஆக்கள் 2005 இலை தொடங்கின ‘நூலகம்’ இருக்கு. எங்கடை பழைய புத்தகங்களெல்லாம் அதுக்குள்ளை. சதம் வேண்டாம். ஒண்டு மட்டும் கவனி. இந்தியப் புத்தகத்திலை வேர்க்கடலை எண்டு கிடக்கும். பிள்ளை முழிக்கும். முறிகண்டிப் பிள்ளையாரடியிலை வாங்கின கச்சான் எண்டு சொல்லு, வாய் ஊறும். எலுமிச்சை எண்டா தேசி. பப்பாளி எண்டா பப்பாசி. புத்தகம் எழுதினவருக்கு உன்ரை வளவு தெரியாது. அது உன்ரை பங்கு.

பிள்ளையளுக்குப் படத்தோடை பாடப் புத்தகம் போட்ட பெரிய ஆள் ஆரெண்டு தெரியுமோ? கொமேனியஸ் எண்டு மொறாவியா நாட்டு வாத்தியார். 1658 இலை அச்சடிச்சது. சண்டையாலை ஊரை விட்டு அலைஞ்ச மனிசன். போலந்திலை அவர் இருந்த ஊரும் 1656 இலை எரிஞ்சு, வீடு, அச்சுக்கூடம், எழுதி வைச்ச தாள் எல்லாம் சாம்பல். ரெண்டு வருசத்திலை இந்தப் புத்தகம் வருது. முதல் எழுத்துக்கு என்ன படம் போட்டவர் தெரியுமோ? கத்துற காகம். காகம் ‘ஆ ஆ’ எண்டு கத்துது, அதுதான் எழுத்து எண்டு.

எங்களிட்டையும் ஒரு காகப் படம் இருந்தது. 2009 இலை சண்டைக்குள்ளை விசுவமடுவாலை வெளிக்கிடேக்கை, பானை சட்டியோடை மூத்த பேரன் தன்ரை பள்ளிக்கூடப் புத்தகத்தையும் சேட்டுக்குள்ளை செருகிக்கொண்டு வந்தவன். ஐஞ்சு வயசு. பங்கருக்குள்ளை அந்த ஒரே பக்கம்தான். வடை வைச்ச காகம், கீழை நரி. ஒவ்வொரு நாளும் வாசி எண்டுவான். ஒருநாள் கேட்டான்: “அப்பு, வெளியிலை ஏன் காகம் இல்லை?”

அண்டைக்கு எனக்கு உந்தப் பொருத்திக் காட்டுற வித்தை வரேல்லை.

செட்டிகுளத்திலை, மெனிக் பாம் முகாமுக்குள்ளை, தறப்பாளுக்கு மேலை காகம் வந்து குந்தினது. அவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அதுக்குக் காட்டினவன்.

சரி, அதை விடு. தேத்தண்ணி ஆறுது, குடி.

இப்ப பேத்திக்குப் பைத்தியம் குடைக் கள்ளன் கதை. காலிப் பக்கம் கிந்தோட்டையிலை பிறந்த சிபில் வெத்தசிங்க எண்ட அம்மா, எழுதிப் படமும் தானே கீறி, 1956 இலை வந்தது. யப்பான் வரைக்கும் போன கதை. குடையே காணாத ஒரு ஊர். கிரி மாமா எண்ட மனிசன் பட்டினத்துக்குப் போய்க் குடை வாங்கி வருவார். கோப்பி குடிக்கப் போட்டு வரக் குடையைக் காணேல்லை. திரும்ப வாங்குவார், திரும்பக் காணேல்லை. கடைசியிலை குடைக்குள்ளை கடதாசித் துண்டுகளை வைச்சு விடுவார். அது சிந்தின வழியைப் பிடிச்சுப் போனா, காட்டிலை மரமெல்லாம் குடை தொங்குது. கள்ளன் குரங்கு!

மழைக்கு அந்த ஊரார் வாழையிலை பிடிச்சுக்கொண்டு போறதைப் பாத்திட்டு, “நீங்கள் என்ன பிடிச்சனீங்கள்?” எண்டு கேட்டாள். உரப் பையை மூலை மடிச்சுத் தலையிலை போட்டுக் காட்டினன். அந்தக் கோலத்திலை நான் முத்தத்திலை நிக்க, கிராம சேவகர் வந்திட்டார். நீ சிரி. அவரும் சிரிச்சவர்.

குரங்கெண்டா எங்களுக்குச் சொல்லித் தரவும் வேணுமோ? இளநியைத் தென்னையிலையே குடிச்சுப்போட்டுக் கோம்பையாலை எங்களுக்கு எறியிற சாதி. 2023 இலை ஒரு லட்சம் குரங்கைச் சீனாவுக்கு ஏத்தப் பாக்கிறம் எண்டு விவசாய அமைச்சர் சொன்னவர். ஏத்தினபாடில்லை. பேந்து 2025 மார்ச் 15, காலமை எட்டு மணிக்கு, நாடு முழுக்க ஐஞ்சு நிமிசம் குரங்கு, மயில், மர அணில் எல்லாம் எண்ணச் சொன்னவை. நானும் இவளும் தாளும் பென்சிலும் கொண்டு இறங்கினம். நான் பன்ரெண்டு எண்டன். “இல்லை அப்பு, அந்தக் குரங்கை நீங்கள் ரெண்டு தரம் எண்ணிப்போட்டியள்” எண்டாள். அரசாங்கத்துக்குப் பதினொண்டு எண்டு குடுத்தம். எண்ணுற புத்தகம் ஒண்டு அலுமாரிக்குள்ளை கிடக்கு. அதுக்குப் பிறகுதான் அவள் அதைத் தானாக எடுத்துப் பாத்தவள்.

குடைக் கதை முடியவும் என்னை விட்டவளே? “அப்பு, குரங்குக்கு ஏன் குடை? அது நனைஞ்சாலும் தடிமன் வராதே” எண்டாள். மூண்டு நாளா யோசிக்கிறன். உனக்குத் தெரிஞ்சாச் சொல்லு.

என்ன, மழை இருட்டுதோ? பொறு தம்பி, குடை தாறன். திண்ணையிலைதான் சாத்தி வைச்சனான்... இஞ்சை காணேல்லை. பிள்ளை! எங்கையடி என்ரை குடை? என்ன, குரங்கு கொண்டு போட்டுதோ? வழி பிடிக்கலாமோ?

அதென்ன கையிலை கத்திரிக்கோல்? தம்பி, என்ன கடதாசியை வெட்டுறாள் எண்டு ஒருக்கா எட்டிப் பார். இண்டைக்கு உண்மையாவே கண்ணாடி போடேல்லை.

என்ரை கறண்ட் பில்லோ?