அங்கிள், ஒரு இ-சைக்கிள் வாங்கிடுங்களேன்!

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் திருவான்மியூரில் கூடி ஈ.சி.ஆரில் கிளம்பும் சைக்கிள் கோஷ்டிகளுக்கு ஒரு பொதுவான சத்தியப்பிரமாணம் உண்டு: "யாரையும் விட்டுட்டுப் போகமாட்டோம்." இதை நம்பிச் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். நீலாங்கரை வரை அவர்கள் முதுகு தெரியும். அக்கரை தாண்டினால் சைக்கிளின் பின்விளக்கு மட்டும் தெரியும். முட்டுக்காடு பாலத்தில் எதிர்காற்றும் நானும்தான்.

ஆனால் சொன்ன சொல் தவறமாட்டார்கள். கோவளத்தில் காத்திருப்பார்கள். நான் மூச்சிரைக்கப் போய் இறங்கும்போது, டீ குடித்து, செல்ஃபி எடுத்து, களைப்பாறி முடித்து, "உங்களுக்காகத்தான் வெயிட்டிங் சார், கிளம்பலாமா?" என்பார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு மட்டும் ஓய்வு கிடையாது என்பதே இந்தச் சமதர்மத்தின் சிறப்பு.

அப்படி ஒரு நாள்தான் கோஷ்டியின் இளைய தம்பி என்னைத் தனியாக அழைத்துப்போய், "அங்கிள், நீங்க ஏன் ஒரு இ-சைக்கிள் வாங்கக் கூடாது?" என்றான். 'எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்திடுங்களேன்' என்று சொல்லும் சொந்தக்காரர் குரல் அது.

விஷயம் வெளியே கசிந்ததும் கோஷ்டி இரண்டாகப் பிளந்தது. "அது மோசடி" என்றார் கார்பன் சைக்கிள்காரர். மோசடி என்பது போட்டியில்தான். 2016இல் பெல்ஜியத்தில் நடந்த சைக்ளோ-கிராஸ் உலகப் போட்டியில் ஒரு வீராங்கனையின் சைக்கிளுக்குள் மோட்டார் ஒளித்துவைத்திருந்ததைக் கண்டுபிடித்து, 6 ஆண்டுகள் தடை விதித்தார்கள். நியாயம். ஆனால் பொங்கலும் வடையும் முடிவாக உள்ள பயணத்தில் யார் பதக்கத்தை யார் பறிக்கப்போகிறார்கள்?

அதோடு, கார்பன்காரர் மட்டும் சுயபலத்திலா போகிறார்? முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் காற்றின் தடை வெகுவாகக் குறையும். இதற்கு டிராஃப்டிங் என்று கௌரவமான பெயர் வேறு. அடுத்தவர் முதுகை நம்பிப் போவது விளையாட்டு, பேட்டரியை நம்பிப் போவது மோசடியா? ஒண்டிக்கொள்ள முதுகு கிடைக்காத கடைசி ஆள் வேறு என்னதான் செய்வான்?

நண்பர் ஒருவரின் இ-சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டியதில்தான் உள்விவகாரம் புரிந்தது. நம் நாட்டுச் சட்டப்படி மோட்டார் 250 வாட்டுக்குள் அடங்கி, அதன் உதவி மணிக்கு 25 கிலோமீட்டரோடு நின்றுவிட்டால் அது மோட்டார் வாகனம் அல்ல. லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். எங்கள் கோஷ்டியோ முப்பதில் போகும். இருபத்தைந்தைத் தொட்டதும் மோட்டார், 'என் டியூட்டி முடிந்தது' என்று ஒதுங்கிக்கொள்ளும். அதற்குமேல் அந்த இருபது கிலோ இரும்பை என் கால்கள்தான் இழுக்க வேண்டும். அதாவது, ஈ.சி.ஆரில் நான் பழையபடி கடைசிதான். கூடுதலாக பேட்டரியையும் சுமந்துகொண்டு கடைசி.

ஏலகிரியில் கதை மாறியது. அங்கே ஏற்றத்தில் யாருமே இருபத்தைந்தை எட்டுவதில்லை என்பதால் மோட்டாருக்கு ஓய்வே இல்லை. அந்த மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்த பாரியின் வளைவில், சைக்கிளைச் சாய்த்துவிட்டு நாக்குத் தள்ள நின்றிருந்தார் நம் கார்பன்காரர். எனக்குத் தேர் கிடைத்திருந்தது. அவருக்கு அதியமான் வளைவில்கூட ஒரு நெல்லிக்காய் கிடைத்திருக்காது. "என்ன சார், காத்து நல்லா சிலுசிலுன்னு இருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டே கடந்தேன். அவர் பார்த்த பார்வையில் அவருடைய உண்மையான குறை விளங்கியது. மோட்டாரைக்கூட மன்னித்துவிடுவார்கள், மூச்சு வாங்காமல் பேசுகிறவனை மன்னிக்கமாட்டார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. மலைக்கு இ-சைக்கிள் தாராளமாக வரட்டும். பத்து வருஷம் பிடிக்கும் கால்வலுவுக்குக் காத்திருந்தால் பாதிப் பேருக்கு மலையே கிடைக்காது. ஏற்றத்தில் முன்னால் போய் வேகத்தை ஏற்றிவிடாமல் இருந்தால் போதும். சமதரைக்கு மோட்டார் தேவையில்லை. முன்னால் போகிறவர்கள் ஐந்து கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்தால் செலவே இல்லாமல் காரியம் முடிந்தது. ஸ்ட்ராவா செயலியில் சராசரி வேகம் இறங்கிவிடுமே என்பார்கள். இறங்கட்டும், அதற்கு யாரும் அபராதம் போடுவதில்லை.

இ-சைக்கிள் வாங்கப்போகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: முதல் நாள் ராத்திரியே சார்ஜ் போட்டுவிடுங்கள். நடு ஏற்றத்தில் பேட்டரி தீர்ந்தால், கையைக் கொடுத்துத் தள்ளிவிட ஒருவரும் முன்வரமாட்டார்கள். மோசடி என்று சொன்னவர்கள் மட்டும் நின்று போட்டோ எடுப்பார்கள்.