நாலு எலுமிச்சம்பழம்

வாடா பேராண்டி, குந்து. ரெண்டு டீ சொல்லட்டுமா? காசு நீதான குடுக்கப்போற, அதனால மசால் வடையும் சேத்தே சொல்லிடறேன்.

செகண்ட் ஹேண்ட்ல கார் எடுத்திருக்கன்னு உங்க அம்மா சொன்னா. நானும் பாத்தேன். கோயில் வாசல்ல நிறுத்தி, மாலை போட்டு, சந்தனம் பூசி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்குனியே, வல்லக்கோட்டை முருகனே ஏழடி ஒசரத்துல நின்னு எட்டிப் பாத்திருப்பாரு. ஸ்பீக்கர் மாத்திட்ட. சீட்டுக்கு உறை போட்டுட்ட. பின்கண்ணாடியில குலதெய்வத்துல ஆரம்பிச்சு மச்சினிச்சி மவன் வரைக்கும் பேரு எழுதிட்ட. நீ பூசாரிக்கு சில்லறை தேடிகினு இருந்த நேரத்துல நான் குனிஞ்சு டயர தடவிப் பாத்தேன். உங்க மாமனார் தலைய தடவுன மாதிரியே இருந்துச்சு.

இப்ப வந்து கேக்கற, மழைக்காலத்துக்கு எந்த டயர் தாத்தா போடறதுன்னு. புரட்டாசி முடியறப்ப கேக்கற பாரு, அங்கதான் நீ எங்க வம்சம்னு தெரியுது. நாங்களும் ஏரிக்கரை ஒடைஞ்ச பொறவுதான் மண்ணு தேடுவோம்.

ஆமா, இன்னா அது போன்ல காட்டற? குளிர்கால டயரா? கனடாவுல மான்ட்ரியல்ல இருக்கானே உன் மச்சான், அவன் போட்டிருக்கானா? அவன் போடுவான். அவன் இருக்கற கியூபெக்குல டிசம்பர் 1-லேர்ந்து மார்ச் 15 வரைக்கும் அந்த டயர் இல்லாம கார் ஓட்டுனா அபராதம். அங்க 7 டிகிரிக்குக் கீழ எறங்குனா சாதா டயர் ரப்பர் கட்ட மாதிரி இறுகிப்போவும். அதனால குளுருலயும் மெத்துன்னு இருக்கற ரப்பர்ல தனியா செய்யறான். அத நம்ம ஒரகடம் கூட்டுரோட்டுல, சித்திரை வெயில்ல ஓட்டுனின்னு வெச்சுக்க, கேழ்வரகுக் களி மாதிரி தார் ரோட்டுல இழுவிகினே போவும். நமக்கு எதுக்குடா பனி டயரு? மார்கழியில இருவது டிகிரி வந்தாலே குரங்குக் குல்லா மாட்டிகினு திரியற ஆளுங்க நாம.

நமக்கு இருக்கறது ரெண்டே காலம். ரோடு கொதிக்கற காலம், ரோடு மெதக்கற காலம். நம்ம கடையில விக்கற டயருங்க ரெண்டையும் தாங்கத்தான் செய்யறாங்க. இன்னா பேரு போட்டு விக்கறான்னு பாக்காத. அதுல ரோட்டுல படற பட்டன் எவ்ளோ மிச்சம் இருக்குது, காத்து எவ்ளோ இருக்குது, அது பொறந்து எத்தன வருஷம் ஆச்சுன்னு பாரு.

சிரிக்கற. மாடு ஓட்டுனவன் டயர பத்தி பேசறானேன்னு சிரிக்கற. காத்தடிச்ச டயர 1888-ல பெல்ஃபாஸ்ட்ல செஞ்சு ஊரெல்லாம் ஓட வெச்சது யாரு தெரியுமா? டன்லப்புன்னு ஒரு மாட்டு டாக்டர். மவனோட மூணு சக்கர சைக்கிளு குலுங்குதேன்னு செஞ்சாரு. மாட்டுக்கும் டயருக்கும் அன்னிலேர்ந்தே சம்பந்தம்டா. எனக்கும் மொதல்ல மரச்சக்கரம், இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டி. பொறவுதான் டயர் வண்டி. அத வாங்கிகினு வந்த அன்னிக்கு நானும் உன்ன மாதிரிதான் எலுமிச்சம்பழம் நசுக்குனேன்.

அந்தப் பழம் நசுங்குன எடத்த நீ பாத்தியா? உள்ளங்கை அகலம். ஒரு டன்னுக்கு மேல இருக்கற உன் கார, பின்கண்ணாடியில இருக்கற அத்தன பேரையும், இந்த பூமியோட பிடிச்சுகினு இருக்கறது நாலு உள்ளங்கைதான். மிச்சமெல்லாம் அழகு.

மாட்டுக் கொளம்ப பாத்திருக்கியா? நீ எங்க பாத்த, பால் பாக்கெட்டுல படமா பாத்திருப்ப. நடுவுல பொளந்திருக்கும். சேத்துல வெச்சா ரெண்டா விரியும், சேறு நடுவுல பிதுங்கி வெளிய வரும், கால் நிக்கும். டயர்ல பட்டனுக்கு நடுவுல பள்ளம் போட்டிருக்கறதும் அதுக்குத்தான். ரோட்டுல 3 மில்லிமீட்டர் தண்ணி நிக்குது, நீ 80-ல போற. உன் 185 அகல டயர் ஒவ்வொண்ணும் நொடிக்கு 12 லிட்டர் தண்ணிய ஒதுக்கியாவணும். நம்ம வீட்டுக்கு கேன்ல தண்ணி வருதே, ரெண்டு நொடிக்கு ஒரு கேன். பள்ளம் இருந்தா தண்ணி அதுல ஓடிப்போவும். இல்லன்னா தண்ணி போவ வழியில்லாம டயருக்கு அடியிலயே பூந்துக்கும். அப்ப உன் கார் கார் இல்ல, பரிசல். ஸ்டீரிங்க திருப்பினா ஒண்ணும் திரும்பாது, நீதான் திரும்பிப் பாப்ப.

இங்கதான் எனக்கு சிரிப்பு வருது. இருங்காட்டுக்கோட்டையில 1990-லேர்ந்து ரேஸ் ஓட்டறானுங்களே, அவனுங்க டயர்ல பட்டனே இருக்காது. வழவழன்னு இருக்கும். காஞ்ச தரையில ரப்பர் முழுசா ஒட்டணும்னு அப்படி. ஆனா மழை வந்துச்சுன்னா அத்தன பெரிய ரேஸ்காரனும் ஓரமா வந்து பள்ளம் போட்ட டயர மாட்டிகினுதான் திரும்பப் போறான். நீ இன்னாடான்னா ரேஸ்காரன் டயர ஓசியிலயே வாங்கி வெச்சிருக்க, வித்தவன் நாப்பதாயிரம் கிலோமீட்டர் தேச்சுக் குடுத்தது. மழையில மாத்தறத மட்டும் அவன்கிட்ட கத்துக்கல.

பள்ளத்துக்குள்ள குறுக்கால சின்னதா மேடு மேடா இருக்கும், கைய வெச்சுப் பாரு. பட்டன் தேஞ்சு அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துட்டா 1.6 மில்லிமீட்டர்தான் பாக்கின்னு அர்த்தம். சட்டம் அதுவரைக்கும் ஒன்ன விட்டுடும். ஐப்பசி விடாது. 3-க்கு வந்தப்பவே மாத்திடு.

அகல டயர் போடறேன்னு சொன்னியாமே? பக்கத்து வீட்டுக்காரன் போட்டிருக்கானா? இத கேளு. எங்க கட்டை வண்டிச் சக்கரம் ஒல்லி, சேத்துல அமுந்துடும். டயர் வண்டி அகலம், அமுங்காது. அதனால அகலம்தான் ஒசத்தின்னு நானும் நெனச்சவன்தான். தார் ரோட்டுத் தண்ணியில கத தலகீழ். ஒல்லியா இருந்தா தண்ணிய அறுத்துகினு தரைய தொடும். அகலமா இருந்தா கட்டுமரம் மாதிரி மேல ஏறிக்கும். கம்பெனிகாரன் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கற சீட்டுல இன்னா அளவு போட்டிருக்கானோ அதையே போடு. அவன் உன்ன விட ரெண்டு எழுத்து கூடப் படிச்சவன்.

அதே சீட்டுலதான் காத்து அளவும் இருக்குது. வெயில் காலத்துல காத்து கம்மியா வெச்சா டயர் வெடிக்காதுன்னு டீக்கடையில ஒருத்தன் சொல்லியிருப்பான். அந்த ஒருத்தன் நானாவே கூட இருக்கலாம், முந்தி அப்படித்தான் சொல்லிகினு திரிஞ்சேன். அது தப்புடா. காத்து கம்மியானா டயரோட பக்கவாட்டு மடிஞ்சு மடிஞ்சு நிமிரும். கம்பிய நாலு தடவ மடிச்சுப் பாரு, கை சுடும். டயரும் அப்படித்தான் சூடாவுது, நாலு வழிச் சாலையில வேகமா போறப்ப அதுதான் வெடிக்குது. காலையில வண்டிய எடுக்கறப்பவே காத்து புடி. ஷிஃப்ட் முடிஞ்சு ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து ஓட்டிகினு வந்து புடிச்சா சூட்டுல நாலஞ்சு பாயிண்ட் ஏத்திக் காட்டும். ஐயோ அதிகமா இருக்குதேன்னு எறக்கிடாத. நைட்ரஜன் போடறவன் போடட்டும். நாம இழுக்கற மூச்சுலயே நூத்துக்கு 78 அதுதான், ஓசியில வருது.

பொண்ணு பாக்கறப்ப ஜாதகம் கேட்டியே, டயருக்கும் ஜாதகம் இருக்குது. பக்கவாட்டுல நாலு நம்பர் தேடு. 2319-ன்னு இருந்தா 2019-ல 23-ஆவது வாரம் பொறந்தது. கடைக்காரன் ஃப்ரெஷ் பீஸுன்னு சொல்லுவான். நீ குனிஞ்சு படி. அஞ்சு வருஷம் தாண்டுனா வருஷா வருஷம் தெரிஞ்சவன்கிட்ட காட்டணும், பத்து வருஷம் ஆச்சுன்னா பட்டன் இருந்தாலும் கழட்டணும்னு டயர் கம்பெனிகாரங்களே சொல்றாங்க. வெயில்ல நின்னு நின்னு ரப்பர் வறண்டு, என் பாதம் மாதிரி வெடிச்சிருக்கும்.

யோசிச்சா வெக்கமா இருக்குதுடா. ஒரகடத்துல அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., 2020-லேர்ந்து சியட். அந்தப் பக்கம் திருவொத்தியூர்ல 1946-ல பலூன் செஞ்சு ஆரம்பிச்ச எம்.ஆர்.எஃப். ஒலகத்துக்கே டயர் சுட்டு அனுப்பற சூளைக்கு நடுவுல குந்திகினு, என் பேரன் மொட்ட டயர்ல போறான். மீன் விக்கறவ வூட்டுல கருவாட்டுக் கொழம்பு.

காசு பத்தலன்னா ரெண்டு மட்டும் மாத்து. மாத்துன ரெண்டயும் பின்னாடி போடு. முன்னாடிதான் இழுக்குது, முன்னாடிதான் போடணும்னு பஞ்சர் கடை பையன் சண்டை போடுவான். முன்சக்கரம் வழுக்குனா வண்டி நேரா போவும், காலெடுத்தா ஒருமாதிரி அடங்கும். பின்சக்கரம் வழுக்குனா பம்பரமா சுத்திடும். மாட்டுக்கு முன்கால் சறுக்குனா மண்டி போடும், பின்கால் சறுக்குனா வண்டியோட சாயும். எத்தன தடவ சாஞ்சிருக்கேன்னு எங்கிட்ட கேளு.

மொத மழைக்கு இன்னும் மெதுவா போ. லாரி சிந்துன எண்ணெயும் ஆறு மாசத்துப் புழுதியும் சேந்து அன்னிக்கு ரோடு வெளக்கெண்ண மாதிரி இருக்கும். புது டயரும் வழுக்கும்.

சரி, கெளம்பு. கழட்டற பழசுல ஒண்ண மட்டும் கடைக்காரனுக்குக் குடுக்காம எங்கிட்ட கொண்டா. முந்தியெல்லாம் லாரி டயர வாங்கி செருப்பு தைப்போம், மூணு வருஷம் உழைக்கும். இப்ப உள்ள கம்பி வெச்சிடறான், கத்தி ஏற மாட்டேங்குது. வேப்பமரத்துல உன் பொண்ணுக்கு ஊஞ்சல் கட்டித்தரேன்னு போன பொங்கலுக்கே சொல்லிட்டேன், தெனம் கேக்குது. பட்டன் இருக்கற டயர்னா பாவாடையில உரசும். உன்னுது சரியா இருக்கும்.

டீக்கு இருவது, வடைக்கு இருவது. அவன்கிட்ட குடுத்துட்டுப் போ.