உறுமும் மணிநேரம்

சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்துச் சாக்கடையைச் சுமந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியைச் சேர்கிறது திருமணிமுத்தாறு. இதைத் தூர்வார ஹிட்டாச்சி அகழ் இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தால், செலவைத் தீர்மானிப்பது சேறு அல்ல, ஹவர் மீட்டர். ஒரு கனமீட்டர் வாளி, பத்துக் கனமீட்டர் டிப்பரை 4 நிமிடத்தில் நிரப்பிவிடும். கொட்டிவிட்டுத் திரும்ப 28 நிமிடம் என்றால் எட்டு டிப்பர் வேண்டும். மூன்றுதான் வந்தன என்றால், ஒவ்வொரு 32 நிமிடத்திலும் 20 நிமிடம் இயந்திரம் உறுமியபடி கொக்கை வேடிக்கை பார்க்கும். நாமக்கல்லுக்குப் போகிற ஆற்றிலேயா லாரிப் பஞ்சம்!

அரசுப் பணியில் பில் கனமீட்டருக்குத்தானே என்பார்கள். உண்மைதான். அப்போது ஒப்பந்தக்காரர் மிச்சம் பிடிக்கும் வழி வேறு: டிப்பரே வேண்டாம், சேற்றைக் கரையிலேயே குவித்துவிடலாம். மழை அதை மீண்டும் ஆற்றில் இறக்கும். அடுத்த ஆண்டு அதே சேறு புதுக் கனமீட்டராகப் பிறவி எடுக்கும். இவ்வளவு உற்பத்தித்திறன் எந்தத் தொழிற்சாலைக்கும் வாய்க்காது. கொண்டுபோக இடமில்லை என்ற சாக்கும் நிற்காது. 1934-இல் திறந்த மேட்டூர் அணையில் 2017-இல் தூர்வாரியபோது, வண்டலை உழவர்கள் வயலுக்கு அள்ளிப்போனார்கள். சாக்கடைச் சேறு வயலுக்கு ஆகாதுதான். அதற்குரிய இடத்தை டெண்டரிலேயே எழுதலாம். எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்திடும் பொறியாளர்களே, வெட்டிய இடத்தோடு கொட்டிய இடத்தையும் அளந்துவிடுங்கள்.