சிக்கனச் சக்கரவர்த்தி

வியன்னாவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஷான்ப்ருன் அரண்மனைக்குப் போகிறார்கள். 1,441 அறைகள். அதில் நாற்பது சொச்சத்தைத்தான் ஜனங்களுக்குத் திறந்துவிடுகிறார்கள் என்பது நம் முழங்கால்களுக்குச் செய்த உபகாரம். ஓர் அறையில் தங்கம், அடுத்ததில் தங்கமும் கண்ணாடியும், அதற்கடுத்ததில் கண்ணாடிக்குள் தெரியும் தங்கம். என் மனைவி ஒவ்வொரு திரைச்சீலையையும் நின்று பார்த்துவிட்டு, "இதையெல்லாம் யாருங்க தோய்ப்பாங்க?" என்றாள். அந்த அரண்மனையில் கேட்கத்தக்க ஒரே கேள்வி அதுதான்.

எனக்கு அந்த ஊரில் பிடித்த ஆள் வேறு. அரண்மனையின் எஜமானியாக இருந்த ராணி மரியா தெரேசாவுக்கு 16 பிள்ளைகள். மூத்த பையன், சக்கரவர்த்தி இரண்டாம் யோசப்தான் நான் சொல்லும் ஆள். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் என்ன பொருத்தம் என்று தெரிந்துகொள்ள, கப்பூச்சின் துறவிகளின் தேவாலயத்துக்கு அடியில் இருக்கும் நிலவறைக்கு இறங்கினால் போதும். ராணியும் கணவரும் படுத்திருக்கும் ஜோடிக் கல்லறையைப் பல்தசார் மோல் என்ற சிற்பி 1754இலேயே, இருவரும் திடகாத்திரமாக இருக்கும்போதே, செய்து முடித்துவிட்டார். மூடியின்மேல் தம்பதி அப்போதுதான் தூங்கி எழுந்தவர்கள்போல முகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுற்றிலும் தேவதைகள், கிரீடங்கள், கொடிகள். அதன் முன்னால், பரணில் இடமில்லாமல் இறக்கிவைத்த ட்ரங்குப் பெட்டி மாதிரி மொட்டையாக ஒரு செப்புப் பெட்டி. அதுதான் மகன்.

அந்தப் பரம்பரையில் பலருக்கு இந்த ஓர் இடம் போதவில்லை. உடல் இங்கே. இதயம், வெள்ளிக் கலசத்தில், அகஸ்டீனியர் தேவாலயத்தில். அப்படி 54 இதயங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. குடல் வகையறா செப்புப் பாத்திரங்களில் ஸ்டெஃபான் பேராலயத்தின் நிலவறைக்குப் போய்விட்டது. ஆக, ஒரே ராணியை முழுசாகத் தரிசிக்க மூன்று கோயில் ஏறி இறங்க வேண்டும்.

சாவை இவ்வளவு விமரிசையாகக் கொண்டாடும் ஊரில்தான் யோசப் 1784இல் ஓர் ஆணை போட்டார். இறந்தவரைத் துணிப்பையில் வைத்துத் தைத்து, ஊர்ப் பொதுச் சவப்பெட்டியில் கொண்டுபோக வேண்டும். குழிக்கு மேலே நிறுத்தி விசையைத் தட்டினால் பெட்டியின் அடிப்பலகை திறந்துகொள்ளும். போகவேண்டியவர் போய்விடுவார், பெட்டி அடுத்தவருக்குத் திரும்பி வரும். மரம் மிச்சம், உடலும் சீக்கிரம் மக்கும். கணக்கில் குறையே இல்லை. ஆனால் வரி போட்டால் பொறுத்துக்கொள்ளும் ஜனங்கள் வழியனுப்புவதில் கைவைத்தால் பொறுப்பார்களா? கொந்தளித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே சக்கரவர்த்தி ஆணையை வாபஸ் வாங்கினார். எனக்கென்னவோ, அந்த ஊர்க்காரர்கள் அவரை இன்னும் மன்னிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

செலவே செய்யாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. ராணுவ டாக்டர்களுக்குப் பாடம் நடத்த ஃப்ளாரன்ஸில் மெழுகு உடல்களைச் செய்யச் சொல்லி, கோவேறு கழுதைகள்மேல் ஏற்றி ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வரவழைத்தார். யோசஃபீனும் என்ற அவருடைய மருத்துவக் கழகத்தில் இன்றும் அவை இருக்கின்றன. ஒரு மெழுகுப் பெண் பட்டு மெத்தையில் சாய்ந்திருக்கிறாள்: நிஜத் தலைமுடி, கழுத்தில் முத்துமாலை, வயிறு மட்டும் திறந்து குடலெல்லாம் வெளியே. மனைவி மாலையைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "இந்த நிலைமையிலயும் நகையைக் கழட்டலை பாருங்க" என்றாள். குரலில் பாராட்டு இருந்தது.

பக்கத்திலேயே அவர் 1784இல் கட்டிய மனநோயாளிகள் கோபுரம். வட்டமாக ஐந்து மாடி, மாடிக்கு 28 அறை. கூகல்ஹுப்ஃப் என்ற வட்டக் கேக்கின் பெயரையே ஊரார் அதற்கு வைத்துவிட்டார்கள். இப்போது அங்கே எலும்புக்கூடுகளும் நோய் உறுப்புகளும்தான். மனைவி வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நானும் நெடுநேரம் உள்ளே இருக்கவில்லை.

யோசப் ஆணையிட்ட அந்தப் பொதுச் சவப்பெட்டியைப் பார்க்க 71ஆம் நம்பர் டிராமில் ஏற வேண்டும். "71இல் ஏறிட்டார்" என்றால் வியன்னாவில் ஆள் காலி என்று பொருள். மத்திய இடுகாட்டுக்குப் போகிற வண்டி அது. அங்கே அடங்கியிருப்பவர்கள் சுமார் 30 லட்சம் பேர், ஊரில் உயிரோடு இருப்பவர்களைவிட அதிகம். பேத்தோவனும் ஷூபர்ட்டும் அங்கேதான். மோட்சார்ட் இல்லை, 1791இல் அவரை வேறோர் இடுகாட்டில் அடையாளக் கல்லில்லாத சாதாரணக் குழியில் புதைத்தார்கள், யோசப் காலத்துச் சிக்கனத்தின்படி.

இடுகாட்டுக்குள்ளேயே இறுதிச்சடங்கு அருங்காட்சியகம். அடிப்பலகை திறக்கும் அந்தப் பெட்டி, பக்கத்தில் ஒரு மணி. செத்ததாக நினைத்தவர் ஒருவேளை விழித்துக்கொண்டால் அடிப்பதற்காக, அதன் கயிற்றைக் கையில் கட்டிவிடுவார்களாம். அதையும் நம்பாதவர்கள் உயில் எழுதி வைத்தால், டாக்டர் வந்து இதயத்தில் குத்தி உறுதிசெய்ய ஒரு கத்தி. மனைவி மணியை விட்டுவிட்டுக் கத்தியையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

வாசலில் கடை. சவ ஊர்தி, சவ டிராம் என்று லெகோ பொம்மைகள். அலமாரியில் இடுகாட்டுத் தேனீக்கள் சேர்த்த தேன். மனைவி ஒரு பாட்டிலை எடுத்து விலையைப் பார்த்தாள்.

"யாருக்கும்மா இது?" என்றேன்.

"உங்க அக்காவுக்குத்தான். எங்கே வாங்கினோம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"சரி. உங்க அண்ணனுக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். "அவனுக்கு ஷான்ப்ருன்லயே சாக்லேட் வாங்கிட்டேன்."