முன்னே மட்டும் ஓடிய காலம்

1990களின் கடைசியில் சி மொழியில் வேலை பார்த்தவர்களுக்கு ஜிடிபி தெரியாமல் பிழைப்பு ஓடாது. பெரிய மென்பொருளில் ஒரு வரியை மாற்றினாலும், அது கம்பைலாகி லிங்காகி வருவதற்குள் பொழுது போய்விடும். நினைத்த இடத்திலெல்லாம் பிரின்ட்எஃப் போட்டுப் பார்க்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஓடுகிற நிரலை நிறுத்தி, அதனிடமே விசாரிக்கப் பழகினோம்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய பிழைதேடும் கருவி ஜிடிபி. கறுப்புத் திரையில் பிரேக் என்று அடித்து வரி எண்ணைக் கொடுப்போம். இன்டெல் செயலியில், அந்த இடத்துக் கட்டளையின் முதல் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு, 204 என்ற பைட்டை ஜிடிபி அங்கே வைத்துவிடும். ஓட்டம் அதன்மேல் கால் வைத்ததும் நிரல் நிற்கும். நின்ற நிரலின் ஒவ்வொரு மாறியையும் கேட்டுப் பார்க்கலாம். இத்தனை சிறிய உபாயத்தில் இவ்வளவு பெரிய அதிகாரம் கிடைக்கிறதே என்ற வியப்பு எனக்கு இன்றும் தீரவில்லை.

எங்கள் பில் கணக்கு நிரல் ஒன்று மாதக் கடைசியில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழும். விழுந்த இடத்துச் செயற்கூறில் தவறே இல்லை. மூத்தவர் ஒருவர் கோர் கோப்பைத் திறந்து, பேக்டிரேஸ் பார்த்து, பட்டியலின் அடுத்த கணுவைக் காட்டும் பாயின்டரை அச்சிடச் சொன்னார். எண்ணைப் பார்த்த உடனே, “தம்பி, இது அட்ரஸ் மாதிரியா இருக்கு? ஆள் பேரு மாதிரில்ல இருக்கு” என்றார். நான்கு பைட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளின் எண்கள். பெயருக்கு ஒதுக்கியது 20 பைட். ஊர்ப்பெயரும் அப்பா பெயரும் சேர்ந்த நீளமான பெயர் ஒன்று வழிந்து, பக்கத்திலிருந்த பாயின்டரின் மேல் விழுந்திருந்தது.

எந்த வரி அதை எழுதியது என்பதுதான் மீதிக் கேள்வி. ஜிடிபிக்கு அப்போது பின்னால் போகத் தெரியாது. அந்த முகவரியில் உள்ளது மாறினால் நிற்கும்படி வாட்ச் வைத்து, நிரலை முதலிலிருந்து ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். மறு ஓட்டத்தில் அந்தக் கணு அதே முகவரியில் வந்து அமர்ந்தால்தான் உண்டு. எங்களுக்கு அமைந்தது, ஓர் எஸ்டிஆர்காப்பி அழைப்பில் போய் நின்றது.

இப்போது கம்பைல் நொடிகளில் முடிகிறது. அதனாலேயே பலர் பிரின்ட்எஃப் போட்டு, ஓட்டி, இன்னொன்று போட்டு மறுபடி ஓட்டுகிறார்கள். எளிய பிழைக்கு அது போதும், நானும் செய்கிறேன். ஆனால் விழுந்த இடம் ஒன்றும் குற்றம் நடந்த இடம் வேறொன்றுமாக இருக்கும்போது அந்த வழி எத்தனை நாளைத் தின்கிறது என்று பார்க்கையில் மனம் பொறுப்பதில்லை. அத்தனை பேரும் ஜிடிபியே கதி என்று கிடந்த நாளில் அதற்கு முன்னே மட்டும்தான் போகத் தெரியும். பின்னே நடக்க அது கற்றுக்கொண்டது 2009இல், 7.0 பதிப்பில். ஃபயர்ஃபாக்ஸ் பிழைகளைப் பிடிக்க மொசில்லாவில் உருவான ஆர்ஆர் 2014இல் வெளிவந்தது. விழுந்த ஓட்டத்தை அது அப்படியே பதிந்து வைத்துக்கொள்ளும். எத்தனை முறை ஓட்டினாலும் அதே முகவரிகள், அதே வரிசை. நாங்கள் ஏங்கியதெல்லாம் வந்து சேர்ந்தபோது, கேட்க ஆளில்லை.

அண்மையில் இளம் சகா ஒருவர் இதே வகைப் பிழையோடு வந்தார். ஆர்ஆரில் பதியச் சொன்னேன். விழுந்த இடத்தில் நின்று, கெட்டுப்போன பாயின்டரில் வாட்ச் வைத்து, ரிவர்ஸ்-கன்டினியூ அடித்தார். ஓட்டம் பின்னோக்கிப் போய், அதைக் கெடுத்த வரியிலேயே நின்றது. “இது எப்ப சார் வந்துச்சு?” என்றார். சொன்னேன். அன்று மாலையே, அவ்வப்போது மட்டும் தோற்கும் சோதனைகளையெல்லாம் ஆர்ஆருக்குள் ஓட்ட ஒரு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்துவிட்டார்.